பேசாமல் போன வண்டி

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை சிதறிக் கிடக்கும் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். நான் முகப்பில் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில், "விமலா பேச ஆரம்பிச்சாலே பாதி மரத்துப்போயிடுது, ஊசி எதுக்கு?" என்று டாக்டரே கிண்டலடிப்பார். அதனால்தான் அன்றைக்கு என் மகள் ஷாமினி ஓட்டிய காரில் நான் ஏறவில்லை. அந்தக் காரில் முனியாண்டி சாமிக்கான படையல் இருந்தது.

எங்கள் வெஸ்ட்பரி தோட்டத்து முனிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. படையலைச் சுமக்கிறவர் வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து சாமி முன்னால் இறக்கி வைக்கிறவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவும் கூடாது. எடுத்த படையல் வீட்டுக்குத் திரும்பவே கூடாது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து கோயிலுக்கு நடந்து போன காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் நடுக்காட்டில் நிற்கிறது. நாங்கள் எல்லாரும் ஈப்போ பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டும். ஆனாலும் கட்டுப்பாட்டை யாரும் மாற்றவில்லை. மாற்ற யாருக்குத் தைரியம் இருக்கிறது?

எனக்கு இல்லை. பாதி வழியில் மழைக்குப் பயந்து படையலோடு வீடு திரும்பிய ஐயாவு சித்தப்பா ரத்தம் கக்கிச் செத்தார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அவருக்குக் காசநோய் இருந்தது என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தும் என் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

போன வருஷம் ஷாமினி டெங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். ரத்த அணு இறங்கிக்கொண்டே போனது. டாக்டர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தபோது, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன். முனியப்பா, என் பிள்ளை எழுந்து நடந்தால் அவள் கையாலேயே உனக்குப் படையல் கொண்டு வருவாள் என்று. அவள் எழுந்து நடந்தாள். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனாள். கார் லைசென்ஸும் எடுத்தாள். ஆடி மாசத் திருவிழா வந்ததும் வேண்டுதலும் வந்து நின்றது.

முதல் நாள் சாயங்காலம் வழியைப் பற்றி வீட்டில் பெரிய ரகளை. என் வீட்டுக்காரர் ஜெயபாலன் கல் லாரி ஓட்டியவர். பேராக் மாநில மேப் ஒன்று வைத்திருக்கிறார். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி, இப்போது காகிதத்தைவிட டேப்தான் அதிகம். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். நான் ரசச்சட்டியை எங்கே வைப்பது?

"ஷாமி, இங்க பாரு. சுங்கை சிப்புட் தாண்டி இந்த மெயின் ரோட்ட விடவே கூடாது."

"ப்பா, அர்ச்சுனன் மாமா கோயிலுக்கு லொகேஷன் பின் போட்டு அனுப்பிட்டாரு. ஜிபிஎஸ் கூட்டிட்டுப் போயிடும் லா."

"அது போற வழி எல்லாம் வழியா? அன்னைக்கு என்னை ஒரு மீன்குளத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுச்சு."

"அது நீங்க அந்த அம்மாவோட சண்டை போட்டதால."

அந்த அம்மா என்றது ஜிபிஎஸ்ஸில் பேசுகிற பெண்ணை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படையல் வண்டியில் பேச்சே கூடாது என்றால், அவள் மட்டும் பேசலாமா? வலது திரும்பு, இடது திரும்பு என்று முனி காதுபட ஒருத்தி கத்திக்கொண்டே வந்தால் என்ன ஆகும்?

"அவ வாயையும் மூடு. படத்த மட்டும் பாத்து ஓட்டு. போன் அடிச்சாலும் எடுக்காத. நானே கூப்பிட்டாலும் எடுக்காத, சொல்லிட்டேன்" என்றேன்.

இப்படித் தீர்ப்புச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

காலையில் கோழிக்குழம்பு, அவித்த முட்டை, கருவாடு, சுருட்டு, ஒரு போத்தல் கறுப்பு பீர், எலுமிச்சம்பழ மாலை எல்லாவற்றையும் மூங்கில் கூடையில் அடுக்கி மஞ்சள் துணியால் கட்டினேன். கூடை காரின் முன்சீட்டில் ஏறியது. ஷாமினி மஞ்சள் சுரிதாரில் வந்தாள். வாசலைத் தாண்டும் முன் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் பேசாம போயிடுவேன் மா. நீ கூப்பிடாம இருப்பியா? அதச் சொல்லு மொதல்ல."

"சத்தியமா கூப்பிட மாட்டேன். உச்சிப்பொழுதுக்குள்ள போய் எறக்கி வச்சிடு. வழியில என்ன வந்தாலும் திரும்பிடாத."

அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

நாங்கள் கடன் வாங்கிய வேனில் அன்னதானத்துக்கான அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டையோடு பின்னால் போனோம். அவள் தன் போன் இருக்கிற இடத்தைக் குடும்பக் குழுவில் ஓடவிட்டிருந்தாள். என் கையிலிருந்த போனில் ஒரு நீலப் புள்ளி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. புள்ளியைப் பார்த்துக்கொண்டே, வேனை ஓட்டிய என் வீட்டுக்காரரைக் கரித்துக் கொட்டிக்கொண்டு போனேன். சுங்கை சிப்புட்டில் ஐஸ் கட்டி வாங்க நிறுத்தினோம். ஐஸ்காரர் ஆடி அசைந்து வெட்டிக் கொடுப்பதற்குள் புள்ளி ரொம்ப தூரம் போயிருந்தது.

அப்போது என் தம்பி அர்ச்சுனன் கூப்பிட்டான். கோயில் கமிட்டியில் இருக்கிறவன்.

"அக்கா, அவசரப்படாதீங்க. மெயின் ரோட்ல மர லாரி ஒன்னு குறுக்கால கவுந்து கெடக்கு. நானும் பூசாரியும் ஜேம்லதான் மாட்டிகிட்டு நிக்கிறோம். கோயில்ல இன்னும் ஒரு ஈ காக்கா இல்ல."

"ஷாமி முன்னால போயிட்டாளே, உன் கண்ணுல படலயா?"

"இல்லயே."

போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி மெயின் ரோட்டில் இல்லை. இடதுபக்கம் ஒடிந்து, பச்சைக்குள் ஒரு மெல்லிய கோட்டில் போய்க்கொண்டிருந்தது. இவரிடம் காட்டினேன். மேப்பை ஸ்டீரிங் மேலேயே விரித்துப் பார்த்தார்.

"பழைய தோட்டத்து ரோடு. ஜேமைப் பாத்துட்டு ஜிபிஎஸ் இப்படித் திருப்பி விட்டிருக்கு. பரவால்ல, ஆத்துப் பாலத்தத் தாண்டுனா கோயிலுக்குப் பின்பக்கம் போயிடலாம். பாரு, இதுலயும் பாலம் இருக்கு."

போனில் இது தம்பியின் காதில் விழுந்திருக்கிறது. அவன் குரலே மாறிவிட்டது.

"மச்சான், எந்தப் பாலம்? ஆத்துப் பாலமா? அது டிசம்பர் பாஞ்சிர்லயே அடிச்சிட்டுப் போயிடுச்சே மச்சான்! அந்தப் பக்கம் யாரு வருவாங்கன்னு நான் சொல்லவே இல்லையே!"

டிசம்பர் வெள்ளத்தில் போன பாலம் இவர் மேப்பில் அப்படியே இருந்தது. ஜிபிஎஸ்ஸிலும் இருந்தது. ஆற்றின் மேல் மட்டும்தான் இல்லை. போதாக்குறைக்கு முந்தின ராத்திரி மலைப்பக்கம் பேய் மழை.

ஷாமினிக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும். எடுக்காதே என்று சொல்லிவிட்டு, எடுடி எடுடி என்று கத்திக்கொண்டே அடித்தேன். குறுஞ்செய்தி போட்டேன்: பாலம் இல்லை, போகாதே. இரண்டு கோடும் விழுந்தன. நீலமாகவில்லை, அவள் பார்க்கவில்லை.

"ஓட்டுங்க! என்ன மேப்பைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

"ஓட்டுறேன் லா! நீ கொஞ்சம் வாய மூடு!"

வேன் பறந்தது. பின்னால் அண்டா உருண்டது, ஐஸ் கட்டி உருண்டது. தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்று நின்றது. அதன் பிறகு தார் முடிந்து செம்மண். இரண்டு பக்கமும் செம்பனை, ஒரே உயரம், ஒரே இடைவெளி. வெயில் கீழே இறங்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டம்தான். ஆனால் இங்கேதான் எங்கள் பள்ளிக்கூடம், இங்கேதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பாத மாதிரியே இருந்தது.

போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியாகப் பார்த்தபோது நீலப் புள்ளி ஆற்றங்கரையில் இருந்தது. சற்று நேரத்தில் ஆற்றின் நீலத்துக்குள் போனது. அங்கேயே நின்றது. அப்புறம் லைன் போய்விட்டது.

"தண்ணிக்குள்ள இருக்குங்க. புள்ளி தண்ணிக்குள்ள இருக்கு."

"அது கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும். அப்படியெல்லாம் இருக்காது." அவர் சொன்னார். ஆனால் பள்ளம் மேடு பார்க்காமல் வண்டியை விரட்டினார். லாரியில் முப்பது டன் கல்லோடு மலை இறங்கியபோதுகூடப் பள்ளம் பார்த்து ஓட்டியவர்.

அதன் பிறகு வழி சொல்ல அந்தக் கிழிந்த மேப்தான் மிச்சம். மடியில் விரித்து விரலை வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். ஒரு முச்சந்தியில் பழம் அறுக்கிற நீண்ட கொக்கியோடு ஒரு பங்களாதேஷ்காரர் நின்றார். இவர் தலையை நீட்டிக் கேட்டார்.

"கார் பார்த்தேன்," என்று அவர் மலாயில் சொன்னார். "நான் கையை ஆட்டினேன். ஜம்பாத்தான் தக்கடா, பாலம் இல்லை என்று கத்தினேன். அந்தப் பொண்ணு கண்ணாடியை இறக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது."

பேசக்கூடாது. வழிகூடக் கேட்கக்கூடாது. அடப்பாவி விமலா, நீ போட்ட பூட்டு இது! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். இவர் கியரை மாற்றி ஓட்டினார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆற்றின் இரைச்சல் முதலில் கேட்டது. பிறகு கார் தெரிந்தது. கரையில் ஒழுங்காக நிறுத்தியிருந்தது. இவர் பிரேக் போட்டார். எங்கள் கடன் வேனின் பிரேக் கத்துகிற கத்தலுக்குக் காடே அதிரும். நான் கதவைத் திறந்து ஓடினேன். காருக்குள் யாரும் இல்லை. கூடையும் இல்லை. முன்னால் பொருத்தியிருந்த போன் திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அம்புக்குறி சத்தமில்லாமல் ஆற்றைத் தாண்டி நேராகப் போ என்றது. மேலே வரிசையாக 'அம்மா, அம்மா, அம்மா' என்று நான் அடித்த அழைப்புகள்.

"விமலா," என்றார் இவர், மெதுவாக. "கத்தாத. அங்க பாரு."

பாலம் இருந்த இடத்தில் இரண்டு இரும்பு உத்தரங்கள் மட்டும் கரைக்குக் கரை கிடந்தன. பலகைகள் எல்லாம் போய்விட்டன. ஓர் உத்தரம் சரிந்து தண்ணீரைத் தொட்டது. மற்றதன் மேல், கூடையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் மகள் நடந்துகொண்டிருந்தாள். உத்தரத்தின் அகலம் ஓர் அடிகூட இருக்காது. கீழே தண்ணீர் டீ மாதிரி கலங்கி, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

என் வாய் தானாகத் திறந்தது. அவள் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இவர் என் காதருகில், "கூப்பிட்டா திரும்புவா. திரும்புனா விழுந்துடுவா" என்றார். எனக்கு அது மட்டுமா பயம்? சத்தியம் செய்திருந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் முனி விடமாட்டான். போன வருஷம் கொடுத்ததை இந்த ஆற்றிலேயே திருப்பி எடுத்துக்கொள்வான். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பல் கிட்டித்துப் போனது.

நட்டநடுவில் அவள் நின்றாள்.

ஏன் நிற்கிறாள்? கால் வழுக்குகிறதா? தலை சுற்றுகிறதா? டெங்கிக்குப் பிறகு அவளுக்கு அடிக்கடி தலை சுற்றும். கூடை லேசாக ஆடியது. பின்னாலும் நகரவில்லை. முன்னாலும் போகவில்லை. ஒரு பெரிய மரத்தடி வந்து உத்தரத்தில் மோதியது, இரும்பு கிண்ணென்று அதிர்ந்தது. அப்போதும் நின்றாள். நட டா கண்ணு, நடந்துடு என்று முந்தானைக்குள்ளேயே அழுதேன். இருபது வருஷமாக அவளை எதற்கெல்லாம் கத்தியிருக்கிறேன். பல் விளக்கு என்று, செருப்பைக் கழற்று என்று, போனைக் கீழே வை என்று. அன்றைக்கு ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் ஒரு காலை முன்னால் வைத்தாள். அப்புறம் மறுகால். அக்கரை மண்ணில் ஏறினாள். திரும்பிப் பார்க்காமல் செம்பனைக்குள் நுழைந்து மறைந்துவிட்டாள்.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். இவர் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நுழைந்த இடத்தில் இளங்கன்றுகள் இரண்டு மூன்று குருத்து பிடுங்கப்பட்டு, மிதிபட்டுக் கிடந்தன. ரோட்டு முனையில் பார்த்த மஞ்சள் பலகை நினைவுக்கு வந்தது. யார் வேலை என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தோட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம். பெரியவர் என்போம்.

ஷாமினியின் போனை எடுத்துக்கொண்டேன். இனி அந்தப் புள்ளி என் கையில்தான் இருந்தது. அவள் எங்கே என்று சொல்ல எதுவும் இல்லை.

திரும்பி மெயின் ரோட்டுக்கு வந்து, சுற்றிக்கொண்டு போனோம். கவிழ்ந்த லாரியை ஓரமாக இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த வழி முழுக்க நான் பேசவில்லை. இவர் இரண்டு தடவை, "ஏதாவது பேசு விமலா" என்றார். பேசத் தெரியவில்லை. கண்ணை மூடினால் உத்தரம் காலியாகத் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் செம்பனை.

கோயில் தெரிந்தது. வேன் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து ஓடினேன். தம்பியும் பூசாரியும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். முனி முன்னால் படையல் பரப்பியிருந்தது. சுருட்டு புகைந்தது. கறுப்பு பீர் திறந்திருந்தது. ஷாமினி பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேறு முழங்கால் வரைக்கும்.

கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதலில் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்தேன், பிறகு முத்தம் கொடுத்தேன். "ஏன்டி போன? கரையிலயே நின்னிருக்கலாம்ல? சாமியா பெருசு? உனக்கு மூளை இருக்கா?" என்று அதுவரை அடைத்திருந்தது எல்லாம் கொட்டியது.

"படையல் திரும்பக்கூடாதுன்னு நீதானே மா சொன்ன" என்றாள். குரல் கரகரத்திருந்தது. வாசலைத் தாண்டியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அதுக்கு? உயிரை விட்டுடுவியா?"

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னாள்.

"நடுவுல நின்னேன் தெரியுமா?"

"பாத்தேன். என் உயிரே போயிடுச்சு."

"வேன் பிரேக் சத்தம் கேட்டுச்சு மா. நீ வந்துட்டன்னு தெரிஞ்சிடுச்சு. எனக்குக் கால் ரெண்டும் உதறுது. முன்னால போகவே பயமா இருந்துச்சு. அப்படியே உக்காந்து, பின்னாலயே நகர்ந்து வந்துடலாம்னு இருந்துச்சு. ஆனா நானா திரும்பக்கூடாது இல்ல? சரி, அம்மா வந்துட்டா, இப்ப கத்துவா, அவளால வாய வச்சுகிட்டு சும்மா இருக்க முடியாது, கத்துனதும் திரும்பிடலாம்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினாள். "எவ்வளோ நேரம் நின்னேன் மா. நீ ஏன் கூப்பிடவே இல்ல?"

பூசாரி கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். அதைத் தொட்டுக் கும்பிடக்கூட என் கை எழவில்லை.

சாயங்காலத்துக்கு முன்னாலேயே ஆற்றங்கரைக்குப் போய்க் காரை எடுத்தோம். இவர் வேனில் முன்னால் போனார். நான் ஷாமினி பக்கத்தில், காலையில் கூடை இருந்த சீட்டில் உட்கார்ந்தேன். அவள் ஜிபிஎஸ் அம்மாவின் சத்தத்தைத் திறந்துவிட்டாள். ஈப்போ வந்து வாசலில் இறங்குகிற வரைக்கும் நான் வாயை மூடவில்லை. என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. போதும் மா என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.